வைஸும் வைஸ்லியும்

நாஞ்சில் நாட்டிலே குளத்துத் தண்ணீரால் எழும் வழக்குகளை இரண்டே சொல்லில் தீர்த்து வைத்தவர் என் ஆச்சி. பள்ளியில் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் பணித்தபோது, "ஷீ ஸ்பீக்ஸ் வைஸ்" என்று எழுதினேன். ஆசிரியர் 'வைஸ்லி' எனத் திருத்தினார். பேசும் வினையைச் சிறப்பிக்க வினையடையே வேண்டும் அல்லவா?

மறுநாள், "ஹெர் வேர்ட்ஸ் சவுண்ட் வைஸ்லி" என்றேன். அதுவும் பிழை! இங்கே அறிவு, சொற்களின் பண்பு. ஆதலின் 'வைஸ்' என்பதே பொருந்தும். 'அறிவுடையனவாகத் தோன்றுகின்றன' என்று தமிழில் வரும் 'ஆக' என்னை மயக்கிவிட்டது. அவ்வாறே, 'அறிவுரைகள்' என்பதுபோல் 'அட்வைஸ்' என்பதைப் பன்மையாக்கலும் ஆகாது. 'பீஸஸ் ஆஃப் அட்வைஸ்' என்க.

இலக்கணம் அமைந்தபின் பொருளையும் நோக்குங்கள். வள்ளுவர் இனியவை கூறலை 10-ஆம் அதிகாரத்திலும், சொல்வன்மையை 65-ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார். 1886-இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரும் அவற்றுக்கு வெவ்வேறு பெயர் தேட வேண்டியிருந்தது. என் ஆச்சி நாவன்மை படைத்தவர் அல்லர், எண்ணிப் பேசியவர். அவரை 'எலக்வென்ட்' என்று நான் எழுதியிருந்தால் இலக்கணத்தில் பிழை இராது. உண்மையில் பிழை இருக்கும்.