கோவைக்குள் ஓர் அகத்திணை



'கோவை' என்ற சொல் தமிழிலக்கியம் கற்றவர்களுக்கு ஒரு சிற்றிலக்கிய வகையை நினைவூட்டும். தலைவனும் தலைவியும் முதன்முதல் கண்ணுறும் காட்சியில் தொடங்கி, ஐயம், துணிவு எனத் தொடர்ந்து, களவு கற்பாகி, பொருள் தேடத் தலைவன் பிரிவது வரையிலான அகத்துறைகளை நிரலே கோத்துச் சொல்வதால் அப்பெயர் அமைந்தது. மணிவாசகரின் திருக்கோவையாரில் இத்தகைய செய்யுட்கள் 400 உள்ளன. நம் நாட்டு அலுவலகங்களிலோ கோவை என்றால் கடதாசிகளைக் கோத்து வைக்கும் பைல். இவ்விரு கோவைகளும் ஒன்றாகிவிடும் ஓரிடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். கனடாவில் வாழும் கணவர் இங்கிருக்கும் மனைவியை நிரந்தர வதிவிட உரிமையுடன் அழைப்பதற்கு அனுப்பும் கோவை அது. 'ஸ்பொன்சர்' என்று சொன்னால் நம் ஊர்களில் எல்லாருக்கும் விளங்கும்.

அந்த விண்ணப்பப் படிவங்களை வாசித்துப் பார்த்தால் அகத்துறைகளின் அட்டவணை போலவே இருக்கின்றது. முதன்முதல் எங்கே, எந்தத் திகதியில் சந்தித்தீர்கள்? அறிமுகப்படுத்தியவர் யார்? உறவு எவ்வாறு வளர்ந்தது? திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள்? பிரிந்திருக்கும் காலத்தில் எவ்வாறு தொடர்பு வைத்திருக்கிறீர்கள்? தோழி கேட்கவேண்டியவற்றையெல்லாம் அரசாங்கம் கேட்கின்றது. ஆனால் இலக்கியக் கோவையில் ஐயம் தலைவனுக்கு உண்டாவது. எதிரே நிற்பவள் மானிடப் பெண்ணோ தெய்வ மகளோ என்று அவன் ஐயுறுவான். விசாக் கோவையில் ஐயம் அதிகாரிக்கு. 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட கனடிய விதியின்படி, திருமணம் உண்மையானதல்ல என்று கண்டாலும் மறுக்கலாம். வதிவிட உரிமை பெறுவதே அதன் முதன்மை நோக்கம் என்று கண்டாலும் மறுக்கலாம். இரண்டில் ஒன்று போதும்.

ஐயப்படுவதில் நான் குறை காணவில்லை. பணத்துக்காகச் செய்யப்படும் போலித் திருமணங்கள் உலகெங்கும் உண்டு. நம்மவரும் இதற்கு விலக்கல்லர். என் கவலை வேறு. அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. பெயர் சொன்னால் அது அகமாகாது. செய்யுளில் மட்டுமா? நம் ஊர்களில் கணவன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். 'இஞ்சாருங்கோ' என்பதே அவர்கள் வைத்த பெயர். அன்பை இவ்வாறு மறைத்துப் பழகிய ஒரு சமூகம், பெயரும் திகதியும் சான்றும் இட்டு அதை நிரூபிக்கவேண்டிய நிலைக்கு வந்திருக்கிறது.

கடல் கடக்கும்போது மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்றும் தொல்காப்பியம் கூறுகின்றது. உரையாசிரியர்கள் அந்நூற்பாவுக்கு வேறு பொருளும் சொல்வர்; அவ்விவாதம் இப்போது வேண்டாம். மலாயாவுக்குப் புகையிரதப் பகுதியில் வேலைக்குப் போன நம் பாட்டன்மார் தாங்களே ஊருக்கு வந்து மணம் முடித்து மனைவியரைக் கப்பலில் கூட்டிச் சென்றார்கள். 1983க்குப் பின்னர் புறப்பட்டவர்களின் கதை அப்படியன்று. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டதை அறிவீர்கள். அகதியாகப் போனவர்கள் மணமுடிக்க ஊர் திரும்ப இயலவில்லை. ஆகவே பெண்ணே தனித்துக் கடல் கடந்தாள். யாழ்ப்பாணத்தில் தொலைபேசி வசதி இல்லாத 1990களில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளில் தாயுடன் விசாவுக்காகக் காத்திருந்த பெண்கள் எத்தனை பேர்! புலம்பெயர்ந்தவர்களின் கதைகள் 1994இல் 'பனியும் பனையும்' என்ற தொகுதியாக வந்தன. போனவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. லொட்ஜ் அறையில் இருந்தவளைப் பற்றி நாம் போதிய அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

சில மாதங்களுக்கு முன்னர் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் தம் தங்கையுடன் வீட்டுக்கு வந்தார். தங்கைக்கு எழுத்து முடிந்து ஓராண்டு. பதிவுத் திருமணத்தை நம் மக்கள் 'எழுத்து' என்பதில் எனக்கு ஒரு தமிழாசிரியனுக்குரிய மகிழ்ச்சி உண்டு: முதலில் எழுத்து, பிறகு தொலைபேசியில் சொல், எல்லாம் பொருளுக்காக! மாப்பிள்ளை ரொறன்ரோவில். எழுத்துக்கும் தாலிகட்டுக்கும் வந்து மூன்று கிழமை நின்று திரும்பிவிட்டார். வாட்ஸ்அப்பில் இருவரும் எழுதிக்கொண்டவற்றை அச்செடுத்துக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். தமிழில் உள்ளவற்றை ஆங்கிலமாக்கிக் கொடுக்கவேண்டும். அதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்; எவற்றைத் தெரிவது என்பதற்கே என்னிடம் வந்தார்கள்.

அண்ணன் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார். பிறந்தநாள் வாழ்த்து, தைப்பொங்கல் வாழ்த்து, பூப்படங்கள். ஏறத்தாழ ஒரு மாதத்துப் பக்கங்களை அகற்றியிருந்தார். "அதுக்குள்ள சண்டை சேர்" என்றார். அந்தப் பக்கங்களையும் வாங்கி வாசித்தேன். மாமியாருக்குச் சுகமில்லாதபோது தனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று அந்தப் பெண் கோபித்திருக்கிறாள். அவர் இரவு வேலை முடிந்து வந்து விடியற்காலையில் நீண்ட சமாதானம் எழுதியிருக்கிறார். அகத்தில் ஊடலுக்கு ஒரு திணையே கொடுத்தவர்கள் நாம். கட்டு முழுவதிலும் இரண்டு மனிதர்கள் கணவன் மனைவியாகத் தெரிந்த பக்கங்கள் இவையே. "இவற்றை வையுங்கள், பூப்படங்களைக் குறையுங்கள்" என்றேன்.

இன்னொன்றையும் கண்டேன். பேச்சுக்கால் நடந்த நாட்களில் அவர் அவளை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறார். எழுத்து முடிந்த கிழமையிலிருந்து 'நீர்' வருகின்றது: 'நீர் சாப்பிட்டீரோ?' யாழ்ப்பாணத்துக் கணவன் மனைவிக்கிடையே அந்த 'நீர்' எவ்வளவு நெருக்கமான சொல் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. சண்டை நடந்த நாட்களில் அவர் மீண்டும் 'நீங்கள்' என்கிறார்! சமாதானக் கடிதத்தின் நடுவில் 'நீர்' திரும்பி வருகின்றது. படிவம் கேட்ட 'உறவு எவ்வாறு வளர்ந்தது' என்ற வினாவுக்கு இதனைவிட நல்ல விடை இல்லை. ஆங்கிலத்தில் பெயர்த்தால் 'நீங்கள்', 'நீர்' இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். இதனை விளக்கி மூன்று வரிக் குறிப்பொன்று எழுதிக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் நல்லவர், அடிக்குறிப்பாகச் சேர்ப்பதாகச் சொன்னார்.

இதுவரை அண்ணன்தான் பேசிக்கொண்டிருந்தார். புறப்படும் வேளையில் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "அவர் ஸ்பொன்சர் செய்து போறன். நாளைக்கு ஏதும் பிரச்சினை வந்தால் அவர் என்னைத் திருப்பி அனுப்பலாமோ சேர்?" அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. மங்கலமாகப் புறப்படும்போது என்ன பேச்சு என்றார். நானோ அன்று கேட்கப்பட்ட வினாக்களுள் மிகவும் அவசியமானது அதுவே என்று கருதினேன். "திருப்பி அனுப்பிப்போடுவன்" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி அடியையும் அவமதிப்பையும் பொறுத்துக்கொண்ட பெண்களைப் பற்றி நம்மிடையே கேள்விப்படாதவர் குறைவு.

அவளுக்குச் சொன்னதை இங்கும் சொல்கின்றேன். 2012 ஒக்டோபரில் கனடா ஒரு நிபந்தனை விதித்தது. மணமாகி அல்லது சேர்ந்து வாழ்ந்து இரண்டாண்டுக்கு மேற்படாத, பிள்ளைகள் இல்லாத துணைவர்கள், அங்கு சென்றபின் இரண்டாண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலே வதிவிட உரிமை நிலைக்கும். கொடுமைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு இருந்தது. எனினும் அதை எங்கே, யாரிடம் கேட்பது என்று புதிதாகப் போனவளுக்கு எப்படித் தெரியும்? அந்த நிபந்தனை 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. இன்று நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிட்டால் அது அவளுடையது. பொய் சொல்லிப் பெற்றதாக இருந்தாலன்றி, மணம் முறிந்தது என்பதற்காக அது பறிபோகாது. அதைப் பறிக்கும் அதிகாரம் கணவனுக்கு இல்லை. அவளைப் பராமரிப்பதாக அவர் அரசுக்குக் கொடுக்கும் உறுதிமொழியோ, பிரிந்தாலும் மூன்றாண்டுகளுக்கு அவரைக் கட்டுப்படுத்தும். 2002இன் புதிய சட்டத்துக்கு முன்னர் அது பத்தாண்டுகளாக இருந்தது. அங்கு போய் இறங்கியபின் கடவுச்சீட்டையும் வதிவிடப் பத்திரங்களையும் அவளே வைத்திருத்தல் வேண்டும். மாமியாரின் அலுமாரியில் அன்று.

அந்தப் பெண் கைத்தொலைபேசியை எடுத்து இவற்றைக் குறித்துக்கொண்டாள். ஆண்டுகளை இன்னொருமுறை சொல்லும்படி கேட்டாள். அண்ணன் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்திக்கொண்டு நின்றார். அவள் கோவையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பின்னால் ஏறி அமர்ந்தாள். அது இப்போது கனடாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.