கணுக்காலில் ஊன்றிய வயலின்

கொடைரோடு, அம்மையநாயக்கனூர்ப் பக்கம் பந்தல்களில் காய்க்கும் பன்னீர் திராட்சையை அயல்நாட்டுக் கொடி என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. பெயரே நம் பெயராகிவிட்டது. வயலினும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஐரோப்பிய முறையில் வில் பிடிக்கக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரண்மனை வரை கொண்டுபோனார். பிறகு அது இல்லாத பாட்டுக் கச்சேரியே இல்லை என்றானது. இப்படி நம்முடையதாகிவிட்ட வாத்தியத்தைச் சிறுவயதிலேயே கைவசப்படுத்திய ஒருவர், அமெரிக்கா போய் மேல்நாட்டு இசையும் படித்தாரே, அந்தப் படிப்பால் என்ன சேர்ந்தது? டாக்டர் எல். சுப்பிரமணியத்தை வைத்து இதைப் பார்க்கலாம்.

டாக்டர் என்பது வெறும் பட்டமல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆனால் அவருடைய முதல் பள்ளிக்கூடம் அப்பா வி. லட்சுமிநாராயண ஐயர். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துக்கொண்டிருந்த ஐயர், 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். பாடகருக்குப் பக்கத்தில் உட்காரும் வயலின் மேடையின் நடுவே உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்ற மூன்று பிள்ளைகளையும் அந்த நோக்கத்தோடுதான் தயார்படுத்தினார். கலிபோர்னியா கலைக் கல்லூரியின் முதுகலைப் படிப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த மேல்நாட்டுப் படிப்புதான் உலக மேடையைத் திறந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படி எந்தப் பட்டமும் இல்லாத லால்குடி ஜெயராமன், 1965 எடின்பரோ விழாவில் வாசித்தபோது மேல்நாட்டு வயலின் மேதை யெஹூதி மெனுஹின் மனம் நெகிழ்ந்து தம் இத்தாலிய வயலினையே பரிசளித்தார். புகழுக்கு மிருதங்க மேதை பாலக்காட்டு மணி ஐயர், லால்குடி போன்றோரின் வித்தையே போதுமானதாக இருந்தது. சுப்பிரமணியத்தின் வாசிப்பு முறையையும் படிப்பு மாற்றிவிடவில்லை. மேல்நாட்டுக் கலைஞர் வயலினைத் தாடையால் அழுத்திப் பிடிப்பார். இவர் பெரிய வாத்தியக் குழுவுக்கு நடுவிலும் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள்முனையை வலது கணுக்காலில் ஊன்றிக்கொள்கிறார். தாங்கும் வேலை இல்லாததால் இடது கை தந்தியின் மேலும் கீழும் தடையின்றி வழுக்கி ஓடுகிறது. சுவரங்களை அசைத்து வாசிக்கும் நம் கமகத்துக்கு உயிர் அந்த ஓட்டம்தான். படிப்பு அவருக்குத் தந்தது வேறொன்று: பல வாத்தியங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளை வாசிக்கும்படி எழுதும் திறன். 1985இல் சுபின் மேத்தா நடத்த, நியூயார்க் பில்ஹார்மோனிக் குழு வாசித்த ‘ஃபேன்டஸி ஆன் வேதிக் சான்ட்ஸ்’ அந்த எழுத்தின் பயன்.

தோடி ராகத்தின் காந்தார அசைவைக் காகிதத்தில் எப்படி எழுதுவது, எழுதியதை வாசித்தால் அது ராகமாகுமா என்று ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்பு. ஐரோப்பிய இசைக்குறிப்பு சுவரம் நிற்கும் இடத்தைக் காட்டும். ஒரு சுவரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியைக் காட்டப் பெரும்பாலும் அதற்கு வலுவில்லை. அதனால்தான் வேலையைப் பிரித்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது: எழுதக்கூடியது குழுவுக்கு, எழுத முடியாத கமகமும், மேடையில் அப்போதைக்கப்போது கற்பனை செய்யும் மனோதர்மமும் தனி வயலினுக்கு. இந்தப் பிரிவினை எல்லா இடத்திலும் சரியாக அமைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய சில கலப்பிசைத் தட்டுகளில் வேகம் ராகத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆனால் அது ரசனையின் சறுக்கல். இரண்டு முறைகளையும் படித்ததன் குற்றமல்ல.

2007இல் தம் மனைவியும் பாடகியுமான கவிதா கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து பெங்களூரில் அவர் தொடங்கிய கலைக்கூடம் இந்த வாதத்துக்கு அடுத்த சோதனை. இந்திய இசையும் உலக இசையும் பிள்ளைகளுக்கு ஒரே கூரையின்கீழ். இரண்டு படகில் கால் வைத்தால் என்னாகும் என்று கேட்பார்கள். கால் ஊன்றும் பழக்கம் முதலில் ஒன்றில் வந்துவிட வேண்டும் என்பதே சுப்பிரமணியத்தின் வாழ்க்கை காட்டும் வரிசை. அப்பாவிடம் முதலில், கலிபோர்னியாவில் பிறகு. அவருடைய மகன் அம்பி சுப்பிரமணியம் இன்று இரண்டு முறைகளிலும் வாசிக்கிறார். மேல்நாட்டு முறையிலிருந்து நம் முறைக்கு வரும்போது வயலின் அதேதான், தந்திகளும் அதே நான்குதான். வாத்தியத்தில் பிருடையைத் திருகி, ச-ப-ச-ப என்று சுருதி மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.