அயல்நாட்டுக் குழந்தைகளுக்குத் தொண்டு: புறப்படுமுன் எண்ண வேண்டியவை
(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அயல்நாடு சென்று ஏழைக் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் தொண்டு செய்வது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இயன்முறை மருத்துவனாக, மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைகளிடையே நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதொன்றே இதற்கு எனக்குள்ள தகுதி.

சென்ற மாதம் நம் சமூகத்துப் பெண் ஒருத்தி விண்ணப்பத் தாள்களுடன் என் இல்லத்திற்கு வந்தாள். கல்லூரி இறுதியாண்டு மாணவி. கம்போடியாவில் ஓர் அனாதை இல்லத்தில் நான்கு வாரம் தங்கிக் குழந்தைகளைக் கவனிக்கும் திட்டம் அது. அதற்குக் கட்டணமும் உண்டு. தந்தையார் முன்பணம் செலுத்திவிட்டார். "போகலாமா மாமா?" என்று கேட்டாள். நல்ல மனம்; அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உடனே 'போ' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவளுக்குச் சொன்னவற்றையே இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன். இந்த அரங்கிலும் அத்தகைய விண்ணப்பங்களைக் கையில் வைத்திருப்போர் சிலர் உளர் என்று அறிவேன்.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த போல் பாட் ஆட்சியில் 15 முதல் 20 இலட்சம் மக்கள் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். அதன் பின்னரும் உள்நாட்டுப் போர் தொடர்ந்தது. வயல்களிலும் காட்டுப் பாதைகளிலும் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. அத்தகைய நாட்டில் பெற்றோரை இழந்த குழந்தைகள் மிகுந்திருந்ததில் வியப்பில்லை. வியப்பு பின்னர் நிகழ்ந்ததில்தான். போர் ஓய்ந்து, அங்கோர் வாட் கோயிலைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் திரளத் தொடங்கிய பிறகு அனாதை இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும், மாறாகப் பெருகின. 2005 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்து 269 ஆயிற்று. அவற்றில் வாழ்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். 2011ஆம் ஆண்டு யுனிசெஃப் துணையுடன் வெளிவந்த ஆய்வு கூறிய செய்தி இது.

பெற்றோர் உள்ள பிள்ளை அனாதை இல்லத்திற்கு எவ்வாறு வந்தது? வறுமையால் வந்தது. 'மூன்று வேளை உணவு, ஆங்கிலக் கல்வி' என்று சொல்லி அழைத்தால், கூலி வேலை செய்யும் தாய் நம்பி அனுப்பிவிடுகிறாள். இல்லத்தைக் காண வரும் பயணி மனமிரங்கிப் பணம் கொடுக்கிறார். தங்கித் தொண்டு செய்ய வருபவர் கட்டணமும் செலுத்துகிறார். குழந்தைகள் இருந்தால்தானே தொண்டர்கள் வருவார்கள்? ஆகவே மேலும் குழந்தைகள் தேவைப்பட்டனர். எல்லா இல்லங்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே அன்புடன் நடத்துவோரும் உளர். எனினும் இந்தத் தீங்கு எவ்வளவு பரவியது என்றால், 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே தன் தீர்மானத்தில், அனாதை இல்லச் சுற்றுலாவால் குழந்தைகள் கடத்தப்படும் கேட்டைத் தடுக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நம் பெண் செலுத்தவிருந்த கட்டணம் எங்கே போய்ச் சேரும் என்பது விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். அத்தகைய இல்லங்களுக்குச் சென்று வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள். "நாங்கள் உள்ளே நுழைந்ததும் குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டன, எவ்வளவு அன்பு!" என்பார்கள். நம் வீட்டு இரண்டு வயதுக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். முன்பின் அறியாதவர் கை நீட்டினால் அது தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும், எட்டிப் பார்க்கும், நெடுநேரம் கழித்தே அருகில் வரும். அதுவே நலமாக வளரும் குழந்தையின் இயல்பு. எந்த அயலாரிடமும் தயக்கமின்றித் தாவும் குழந்தை, தனக்கென்று நிலையான ஒருவர் இல்லாமல் வளர்ந்ததாக இருக்கலாம். அன்பின் மிகுதி என்று நாம் மகிழ்வது, பல நேரங்களில் அன்பின் பஞ்சம்.

இது வெறும் ஊகமன்று. ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியின்றிப் பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகளால் அரசு இல்லங்கள் நிரம்பின. 1989இல் அவ்வாட்சி வீழ்ந்தபோது, ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் அவற்றில் இருந்தது உலகுக்குத் தெரிந்தது. பின்னர் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்னும் அமெரிக்க அறிஞர் மூவர், புகாரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தனர். அவர்களுள் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு சென்றவர்களின் அறிவுத்திறன் உயர்ந்தது. பிறருடன் பற்றுக்கொள்ளும் திறனும் மீண்டது. ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களிடம் முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. பாலும் துணியும் இல்லத்திலும் கிடைத்தன. கிடைக்காதது, நாள்தோறும் அதே முகத்துடன் வந்து தூக்கும் ஒருவர்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று தானம் நான்கு என நம் பெரியோர் வகுத்தனர். முதல் மூன்றையும் பயணி ஒருவர் பெட்டியில் எடுத்துச் செல்லலாம். 'நம்மை விட்டுப் போய்விடுவார்களோ' என்று அஞ்சும் குழந்தைக்கு அபயம் அளிக்க, அங்கேயே இருப்பவரால்தான் இயலும். நான்கு வாரம் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுபவர், அந்த அச்சத்தை இன்னொரு முறை மெய்ப்பித்துவிட்டுப் போகிறார். அடுத்த திங்கள் மற்றொருவர். அதற்கடுத்த திங்கள் வேறொருவர்.

மாற்றுத்திறன் குழந்தைகள் விஷயத்தில் கேடு இன்னும் நேரடியானது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு உணவு ஊட்டுவதை எளிய தொண்டு என்று கருதிப் புதியவர்களிடம் விடுவதுண்டு. தலை பின்னால் சாய்ந்த நிலையில் ஊட்டினால், உணவு மூச்சுக்குழலுக்குள் சென்று நுரையீரல் நோயுறும், உயிருக்கே ஆபத்தாகலாம். உடலை நிமிர்த்தித் தலையைச் சற்றே முன் தாழ்த்தி, சிறிது சிறிதாக, விழுங்கும்வரை காத்திருந்து ஊட்ட வேண்டும். இதைக் கற்ற தாய்மார்கள் அரைமணி நேரம், முக்கால் மணி நேரம் பொறுமையுடன் ஊட்டுவார்கள். மொழி அறியாத, இதில் பயிற்சி பெறாத ஒரு மாணவியிடம் அந்தக் கிண்ணத்தைக் கொடுப்பது சரியா?

செயற்கைக் காலும் அப்படியே. வளர்ந்தவருக்குப் பொருத்தினால் சில ஆண்டுகள் உழைக்கும். வளரும் குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பத்து வயதில் கண்ணிவெடியால் காலிழந்த சிறுவனுக்குப் பதினெட்டு வயதுக்குள் பதினைந்து கால்களாவது தேவைப்படும். முதல் காலைப் பொருத்தும்போது புகைப்படம் எடுக்கப் பலர் வருவார்கள். இரண்டாவது காலுக்கு அவன் யாரிடம் போவான்?

இந்தக் கேள்விக்கு விடை கண்ட அயல்நாட்டவரும் உளர். 1982இல் தாய்லாந்து எல்லை முகாம்களில் கம்போடிய அகதிகளிடையே பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர்கள், மூங்கில், மரம், தோல் என்று அங்கேயே கிடைத்த பொருள்களால் செயற்கைக் கால் செய்யத் தொடங்கினர்; அகதிகளுக்கே அத்தொழிலைக் கற்பித்தனர். ஹேண்டிகேப் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு அப்படிப் பிறந்தது. பிரிட்டனைச் சேர்ந்த கம்போடியா டிரஸ்ட் என்னும் அமைப்பு, 1994இல் புனோம் பென் நகரில் செயற்கை உறுப்புத் தொழிலுக்கென ஒரு பள்ளியையே தொடங்கியது. அயல்நாட்டார் அங்கே ஆசிரியராக வந்தனர். கற்ற கம்போடியர் பின்னர் ஆசிரியராயினர். கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்த துன் சன்னாரெத் என்னும் கம்போடியர், சியம் ரீப்பில் தம்மைப் போன்றோருக்குச் சக்கர நாற்காலி செய்து அளிக்கும் பணியில் ஈடுபட்டார். கண்ணிவெடித் தடை இயக்கத்திற்கு 1997இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, ஆஸ்லோ மேடையில் இயக்கத்தின் சார்பில் அதைப் பெற்றவர் அவரே.

நமக்கு நெருங்கிய சான்றும் ஒன்றுண்டு. வெறுங்காலுடன் நடக்கவும், சம்மணமிட்டு அமரவும் ஏற்ற ஜெய்ப்பூர் காலை 1960களின் இறுதியில் உருவாக்கியவர்கள், கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும். அதை ஏழைகளுக்கு விலையின்றி வழங்க, பகவான் மகாவீரர் பெயரிலேயே 1975இல் டி. ஆர். மேத்தா ஜெய்ப்பூரில் ஓர் அமைப்பை நிறுவினார். அது அயல்நாடுகள் பலவற்றில் முகாம் நடத்தியிருக்கிறது. முகாமைவிட, முகாம் முடிந்தபின் அங்கே நிலைக்கும் பட்டறையையே நான் பெரிதாக மதிப்பேன். ஆறு மாதம் கழித்துக் குழந்தை திரும்பி வருவது அங்கேதான்.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் ஒரு கலை இருந்தால், இயன்முறை மருத்துவமோ, பேச்சுப் பயிற்சியோ, சிறப்புக் கல்வியோ கற்றிருந்தால், அங்குள்ள பணியாளருக்குக் கற்பிக்கச் செல்லுங்கள். சில மாதங்களேனும் தங்குங்கள். கெமர் மொழியில் நாலு சொல்லாவது கற்றுக்கொண்டு செல்லுங்கள். கணக்கியல் படித்தவர்கள் அலுவலக அறையில் அமர்ந்து கணக்கேடுகளைச் சீர்செய்து கொடுத்தாலும் அது பெருந்தொண்டு. குழந்தையைத் தூக்கினால்தான் தொண்டு என்பதில்லை. எதுவும் கல்லாத பருவத்தில் இருப்பவர்கள், அப்பயணச் செலவைப் பிள்ளைகளைப் பெற்றோருடனே வைத்துப் படிக்கவைக்கும் அமைப்புகளுக்கு அனுப்பலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். மேற்படிப்பு விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்பதற்காகப் பிள்ளைகளை அனுப்புவதும் நம்மிடையே நடக்கிறது. அந்த வரிக்கு வேறு வழி தேடுங்கள். மொழி தெரியாத இளைஞர் ஒருவர், எந்தச் சான்றும் காட்டாமல் நம் ஊர் விடுதிக்குள் நுழைந்து, நம் பிள்ளைகளை மடியில் வைத்துப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினால் நாம் ஒப்புவோமா?

பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்திற்கு எழுதிக் கேளுங்கள். இக்குழந்தைகளின் பெற்றோர் எங்கே? அவர்களைத் திரும்பச் சேர்க்க என்ன செய்கிறீர்கள்? என்னைப் பற்றி என்ன விசாரணை செய்வீர்கள்? நான் திரும்பிய மறுநாள் என் வேலையை யார் செய்வார்? நம் பெண் இந்நான்கையும் எழுதி அனுப்பினாள். மூன்று வாரமாகிறது, விடை வரவில்லை. முன்பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார் தந்தையார்.

பொழுது சாய்வதற்குள் உணவு முடிக்க வேண்டுமென்று தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். நாளை காலை பூசைக்குப் பின் நண்பகல் வரை இதே அரங்கில் இருப்பேன். விண்ணப்பம் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.