முக்காலி ஆடாது

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவர் ஒருவர் பேச எழுந்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கிளினிக்கில் பேசிக்கொள்ளலாம். இன்று குடும்பமாகக் கூடியிருந்து செய்யும் கைவேலை பற்றிப் பேச விரும்புகிறோம். அது ஏழ்மையால் வந்த பழக்கம் என்றுதான் நாங்களும் நெடுங்காலம் நினைத்திருந்தோம்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அக்கா, தம்பியோடு மூன்று பிள்ளைகளாக வளர்ந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பகுதியில் வேலை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் ஐந்து பேர். அந்நாளில் தேயிலை மரப்பெட்டிகளில் கப்பலேறியது. மெல்லிய ஒட்டுப்பலகை, மூலைகளில் மரச்சட்டம், விளிம்பில் தகரப் பட்டி, உட்புறம் ஈயத்தாள். உடைந்து கழித்த பெட்டிகளை டீ மேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கி அப்பா தோளில் சுமந்து வருவார். எங்கள் வீட்டுத் தளபாடங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

வேலையை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது தம்பி. அளவு பார்த்துப் பென்சிலால் கோடு போடுவது அக்கா. அரத்தாள் தேய்ப்பது எங்கள் பங்கு. அம்மா பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் ஆணி இறங்கும்.

முதலில் செய்த படிப்பு மேசை ஆடியது. அப்பா ஒரு காலைச் சீவினார், பிறகு மறு காலைச் சீவினார். மேசை குட்டையானதே தவிர ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் மேசையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஓரிடத்தில் அசையாமல் நின்றது.

"மேசையில பிழை இல்லம்மா. தரைதான் மேடு பள்ளம்" என்றார்.

அடுத்த வாரம் உட்காருவதற்கு முக்காலி செய்தார். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்ற காரணத்தை நாங்கள் இந்தப் பாடசாலையின் கணித வகுப்பில்தான் அறிந்தோம்.

ஆறாம் வகுப்புக்கு இங்கு வந்த புதிதில் தோழி ஒருத்தி வீட்டுக்கு வருவதாக இருந்தது. எங்கள் மேசைப் பலகையில் தோட்டத்தின் பெயரும் பெட்டியின் நிறையும் கறுப்பு மையில் பெரிய எழுத்தில் இருந்தன. வெட்கப்பட்டு அம்மாவின் பழைய சேலைத் துண்டால் மூடிவிட்டோம். அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவே ஆணிகளைக் கழற்றி, எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி பலகையைத் திருப்பி அடித்தார். அந்தச் சுத்தியல் சத்தம் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

வெட்கத்தைக் கொஞ்சம் போக்கியது எங்கள் சித்திர டீச்சர். கடையில் வாங்கிய வாழ்த்து மடல் அவருடைய வகுப்புக்குள் வரக் கூடாது. தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், வெசாக், நத்தார் நான்குக்கும் நாமே செய்ய வேண்டும். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துக் குத்தினால் பூ விழும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. தேயிலைச் சாயத்தில் தோய்த்த தாள் பழைய ஏடு போலாகும். கோதுமை மாவைக் காய்ச்சினால் பசை. வீட்டில் அந்த முக்காலிகளில் அமர்ந்துதான் எல்லோரும் மடல் செய்வோம். சிங்கள எழுத்து அப்பாவுக்குத் தெரியும். வெசாக் மடல்களில் வாழ்த்து எழுதுவது அவர் வேலை. முத்திரை ஒட்டாமல், வீடு வீடாக நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம்.

நமது மாத்தளைக்கு இது புதிதல்ல. ஹபுவித கிராமத்தில் அரக்கு வேலை செய்யும் குடும்பங்கள் உண்டு. சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்து, தூரிகை இல்லாமல், பெருவிரல் நகத்தால் கோலமிடுவார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலிலேயே இந்த நக வேலை இடம்பெற்றிருக்கிறது. 1960களில் ஈனா டி சில்வா அம்மையார் கொழும்பில் தம் மகனையும் ஓவியர் லக்கி சேனநாயக்கவையும் சேர்த்துக்கொண்டு வீட்டில் பத்திக் துணி செய்யத் தொடங்கினார். அது வளர்ந்து, ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் விதானம்வரை போனது. பின்னாளில் தம் குடும்ப ஊரான அலுவிகாரையில் அவர் நடத்திய பட்டறைகள் கிராமத்துப் பெண்கள் பலருக்குத் தொழில் கொடுத்தன.

இனி, இந்த உரைக்குக் காரணமான விடயத்துக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தாரே என்ற நன்றியில் நாங்கள் மூவரும் அவரைத் தாங்கினோம். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டோம், சோறு ஊட்டினோம், தேநீர்க் கோப்பையைக்கூட வாயருகே பிடித்தோம். பந்தைக் கசக்கும் பயிற்சி கொடுத்தபோது இரண்டு நாள் செய்துவிட்டு விட்டுவிட்டார். பேச்சும் குறைந்தது. மருத்துவம் படித்த நாங்களே, உதவி என்ற பெயரில் ஒரு மனிதரின் வேலைகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு டிசம்பர் விடுமுறையில் தம்பியின் மகன் நத்தார் மடல் செய்துகொண்டிருந்தான். தாள் வழுக்கியது.

"தாத்தா, இதக் கொஞ்சம் பிடிங்க" என்றான்.

அப்பா இடது கையால் வலது கையைத் தூக்கித் தாளின்மேல் வைத்தார். பிள்ளை வெட்டி முடிக்கும்வரை எடுக்கவில்லை. அடுத்த நாள் அவராகவே அரத்தாள் கேட்டார்.

காரணம் விளங்காத ஒன்றல்ல. பாதிக்கப்பட்ட கையைப் பயனுள்ள ஒரு வேலையில் திரும்பத் திரும்ப ஈடுபடுத்தும்போது, மூளையின் பழுதுபடாத பகுதிகள் அந்த அசைவைப் புதிதாகக் கற்றுக்கொள்கின்றன. முதல் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்கு நெசவும் கூடை பின்னலும் தச்சும் கொடுத்த காலத்தில்தான் தொழில்வழிச் சிகிச்சை என்ற துறை வேரூன்றியது. பந்து கசக்கினால் பந்துதான் கசங்கும். பலகையைத் தேய்த்தால் பேரனுக்கு முக்காலி கிடைக்கும்.

சிகிச்சையாளரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினோம். வாள் தம்பியின் கையில், துளை போடுவதும் அவனே. தேய்ப்பதும் பொருத்துவதும் அப்பா. முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்திருப்பார், இப்போது நான்கு மாதம் எடுத்தது. காலுக்குப் பலாக் கட்டை. இருக்கைக்குப் பழைய படிப்பு மேசையின் பலகையை வெட்டி இரட்டையாக ஒட்டினோம். ஒட்டுவதற்கு முன், எழுத்துள்ள பக்கத்தை எங்கே வைப்பது என்று அப்பா கேட்டார்.

"வெளிய வைங்கப்பா" என்றோம்.

சிறிது நேரம் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் கை முழுமையாகத் திரும்பவில்லை. பேனா பிடிக்க வராது. பொத்தானில் பாதியைத் தாமே போட்டுக்கொள்கிறார். மீதியைப் போட நாங்கள் அவசரப்படுவதில்லை.

தங்கைமாரே, உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் இருப்பார். "நீங்க சும்மா இருங்க" என்று அன்பாகச் சொல்லாதீர்கள். வெங்காயம் உரிக்கவோ தாள் பிடிக்கவோ ஆணி எண்ணவோ கொடுங்கள். மெதுவாகத்தான் நடக்கும், பிழையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் வகுப்பறைகளில் ஆடும் வாங்குகளும் கால் உடைந்த கதிரைகளும் இருக்கின்றன. புதியவை வாங்கப் பணம் சேர்ப்போம், அது நல்லது. அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, அம்மாமார், அப்பாமார், பிள்ளைகளோடு வந்து திருத்தக்கூடியவற்றைத் திருத்துவோம். அரத்தாள் நாங்கள் கொண்டு வருகிறோம்.

பேரனின் முக்காலியில் ஒரு கால் சற்றுக் குட்டை. கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. ஆனால் ஆடவில்லை.