வீட்டுக்கும் ஒரு பள்ளி வேண்டும்

(ஆண்டு விழாவில் ஒரு தாய் ஆற்றிய உரை)

 

நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்லள். பினாங்கில் வாழும் சாதாரணக் குடும்பப் பெண். காது கேளாத ஒரு மகனை வளர்த்தவள் என்ற ஒரே தகுதியில்தான் இங்கு நிற்கிறேன்.

என் மகன் 1989ஆம் ஆண்டு பிறந்தான். தொட்டில் பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் அசைய மாட்டான். 'அமைதியான பிள்ளை' என்று மகிழ்ந்தோம். ஒன்றரை வயதிலும் 'அம்மா' என்று அழைக்காதபோதுதான் பயம் வந்தது. காட்டிய இடத்தில், 'ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள்' என்று திருப்பி அனுப்பினார்கள். என் மாமியார் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். நான் தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தேன். அந்த வேண்டுதலைக் குறை சொல்ல மாட்டேன். அந்நாளில் என்னைத் தாங்கி நின்றது அதுதான். ஆனால் வேண்டுதலோடு பரிசோதனையையும் விடாமல் செய்திருக்க வேண்டும். குறை உறுதியானபோது அவனுக்கு வயது மூன்றரை.

இன்று மருத்துவர்கள் தெளிவாகவே சொல்கிறார்கள். பிறந்த 1 மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்குதல். ஏன் இந்த அவசரம்? மொழி வேரூன்றுவது முதல் சில ஆண்டுகளில்தான். பேச்சோ, சைகையோ, ஏதேனும் ஒரு மொழி அந்த வயதில் நிறைவாகக் கிடைக்காத பிள்ளைக்குப் பின்னால் எல்லாப் படிப்பும் சிரமமாகிவிடுகிறது.

இத்துறையில் நம் பினாங்குக்குத் தனிச் சிறப்பு உண்டு. பார்வையற்றோருக்காக 1926இல் மலாக்காவில் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர் பினாங்குக்கு வந்தது. காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி 1954இல் தஞ்சோங் பூங்காவில் தொடங்கியது. வெளியூர்ப் பிள்ளைகளும் விடுதியில் தங்கிப் படித்தார்கள்.

என் மகனும் ஏழு வயதில் விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தான். முதல் விடுமுறைக்கு வந்தபோது அவன் கைகள் ஓயவில்லை. பள்ளியில் கண்டதையெல்லாம் சைகையில் சொன்னான். எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பேசத் தெரியாத பிள்ளை என்று அவனை நினைத்திருந்தோம். உண்மையில் பேசத் தெரியாதவர்கள் நாங்கள்தாம்.

1998இல் என் மாமியார் காலமானார். பேரப்பிள்ளைகளோடு அவனும் நெய்ப்பந்தம் பிடித்தான். பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்து, கையால் ஏதோ கேட்டான், திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்கு விளங்கவில்லை. தலையைத் தடவி அனுப்பிவிட்டேன். அன்று முதல் சாமி விளக்கின் அருகில்கூட வர மறுத்தான்.

அதன் பிறகுதான் நான் சைகை மொழி வகுப்புக்குப் போனேன். காது கேளாத இளம்பெண் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்மார்களுக்குக் கற்றுக் கொடுத்தார். முதலில் சோறு, தண்ணீர், தூக்கம் போன்ற சொற்கள். பிறகு கோபம், பயம், ஏன், எப்போது. எட்டு மாதம் கழித்து மகனிடம் கேட்டேன்: "அன்று என்ன கேட்டாய்?" அவன் கைகள் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை. "நான் நெருப்பு பிடித்ததால்தானே பாட்டி செத்துப் போனார்?"

ஒன்பது வயதுப் பிள்ளை எட்டு மாதமாக அந்தப் பாரத்தைத் தனியே சுமந்திருக்கிறான். "இல்லை ஐயா. பாட்டிக்கு வயதாகி, நோய் வந்தது. நீ வழிகாட்டி விளக்குப் பிடித்தாய்" என்று என் கையால் சொன்னேன். அன்று மாலை அவனே விளக்கேற்றினான்.

பெரியோர்களே, காது கேளாத பிள்ளைகளில் 100க்கு 90க்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால் கடமை முடிந்துவிடாது. வீட்டுக்கும் ஒரு பள்ளி வேண்டும். மலேசிய சைகை மொழியை நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றிருக்கிறது. தமிழ்க் குடும்பங்களும் தயங்காமல் அதைக் கற்க வேண்டும்.

பார்வையற்ற பிள்ளைகளின் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். எனக்குத் தெரிந்த ஒரு தாய் தம் மகளை ஐந்து வயது வரை இடுப்பிலிருந்து இறக்கவில்லை, விழுந்துவிடுவாளோ என்ற பயம். ஓர் ஆசிரியை, "தூக்காதீர்கள் அம்மா, உங்கள் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரையடி முன்னே நடங்கள்" என்றார். அவ்வளவுதான், பிள்ளை நடந்தாள். பள்ளியில் மலாய், ஆங்கில பிரெயில் படித்தாள். ஆறு புள்ளிகளில் தமிழும் எழுதலாம் என்று அறிந்த தாய், தாமே கண்ணால் பார்த்து அதைக் கற்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். இன்று அந்தப் பெண் தேவாரத்தை விரலால் தடவிப் படித்துப் பாடுகிறாள்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஆலய மண்டபத்தில் வாரம் ஒரு மணி நேரம் பெற்றோர் வகுப்புக்கு இடம் தாருங்கள். வர இயலாத ஏழைத் தாய்க்குப் பேருந்துக் கட்டணமும் தாருங்கள். சமயச் சொற்பொழிவுகளில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்துங்கள். திருமுறைப் பாடல்கள் சிலவற்றைப் பிரெயிலில் அச்சிட உதவுங்கள்.

அன்னதானம் பசியைத் தீர்க்கிறது. ஒரு பிள்ளை தன் வீட்டாரிடம் மனம்விட்டுப் பேச வழி செய்வதும் பசி தீர்ப்பதுதான். என் மகன் இன்று பாயான் லெப்பாசில் வேலை செய்கிறான். இன்று காலை, "மேடையில் பயப்படாதே அம்மா" என்று கையால் சொல்லி அனுப்பினான். அவன் கொடுத்த தைரியத்தில்தான் இவ்வளவும் பேசினேன்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவருக்கும் அருள் புரிவானாக!