அஞ்சாவது சூத்திரம்

(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு வராது. பட்டதைச் சொல்றேன்.

நான் எங்க குழுவுக்கு ஊக்குநரா இருந்தேன். கணக்கை வேற ஒருத்தர் எழுதித் தருவாங்க. நான் கையெழுத்துப் போடுவேன், வங்கியில பணம் கட்டுவேன். ஒரு மாசம் கையிருப்புல 1,200 ரூபாய் குறைஞ்சது. "பணத்துக்குக் காலா இருக்கு? வாங்கினவளைக் கேளுங்க"ன்னு ஒரு அக்கா கூட்டத்துலயே சொல்லிட்டாங்க. அதைவிட வலிச்சது, வருஷக்கணக்கா ஒரே பாயில உட்கார்ந்த யாரும் எனக்காக வாய் திறக்காததுதான். தண்ணிக் குழாய்க்குப் போனா பேச்சு நின்னுபோகும். மூணு மாசம் நான் கூட்டத்துக்கே போகலை.

ஒருநாள் ராத்திரி யோசிச்சேன். பழி விழுந்ததுக்கு அவங்க வாய் ஒரு காரணம். புரியாமலே கையெழுத்துப் போட்டது இன்னொரு காரணம். அவங்க வாயை என்னால மாத்த முடியாது. ஆனா கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுறது, கணக்கு எழுதுறதுன்னு பஞ்சசூத்திரத்தை மனப்பாடமாச் சொல்றோமே, அதுல அஞ்சாவதை நான் வாயில மட்டும்தான் வச்சிருந்தேன்.

மகள்கிட்ட உட்கார்ந்து வரவு, செலவு, இருப்பு கத்துக்கிட்டேன். பழைய நோட்டைக் கேட்டு வாங்கி வரிவரியாப் பார்த்தேன். ஒரு உறுப்பினருக்குக் கொடுத்த 1,200 ரூபாய் உள்கடன் தீர்மான நோட்டுல இருந்தது. ரொக்கக் கணக்குல ஏறலை. கூட்டத்துல ரெண்டு நோட்டையும் விரிச்சு வச்சேன்.

அந்த அக்கா தலை குனிஞ்சாங்க. மன்னிப்பு இன்னைக்கு வரைக்கும் கேட்கலை. நானும் அதுக்காகக் காத்திருக்கலை.

இப்போ எங்க குழுவுல, கையிருப்பை எல்லார் முன்னாடியும் எண்ணிக் காட்டி, கணக்கை உரக்க வாசிச்ச பிறகுதான் கையெழுத்து. போன வருஷம் ஒரு சின்னப் பொண்ணு மேல இதே மாதிரி பேச்சு வந்தது. "முதல்ல நோட்டைப் பார்ப்போம்"னு நான்தான் எழுந்து சொன்னேன். அன்னைக்கு எனக்காக யாரும் சொல்லாத வார்த்தை அது. நான் வளர்ந்தேன்னா, அந்த நிமிஷத்துலதான்.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். அடி உதையைப் பொறுத்துக்கிட்டா வளரலாம்னு நான் சொல்ல வரலை. அதுக்கு 181-க்குப் போன் போடுங்க, பக்கத்துல இருக்கிற உறுப்பினரைக் கூப்பிடுங்க.

காயம் யாரையும் தானா வளர்க்காது. அதுக்குப் பிறகு நாம கத்துக்கிறதுதான் வளர்க்கும்.