உப்பின் அளவும் சிறுநீரகத்தின் ஆயுளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் இலக்கியமன்று. நம் அடுக்களையிலுள்ள உப்புச் சாடியே. தமிழாசிரியர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். மருத்துவர் கூறுவதை நம்மவர்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தலும் ஆசிரியர் கடனேயாதலின் இதற்கு உடன்பட்டோம்.

முதுகெலும்பின் இருமருங்கிலும் அவரை விதையின் வடிவாய் இரண்டு சிறுநீரகங்கள் உள. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் அமைந்துள்ளன. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்று வடித்து, உடலுக்கு வேண்டுவனவற்றை மீட்டுக் கொடுத்து, ஒன்றரை லிட்டரளவே சிறுநீராகக் கழிக்கின்றன. உண்ட உப்பின் மிகுதியை வெளியேற்றுவதும் அவற்றின் தொழிலே.

உப்பு மிகின் உடலில் நீர் தங்கும். நீர் தங்கின் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்தம் பல்லாண்டு நீடிப்பின் அவ்வடிகட்டிகள் தழும்பேறிக் கெடும். கெட்டவை மீண்டும் முளைப்பதில்லை. நீரிழிவும் உடன் சேரின் கேடு விரைந்து வரும். சிறுநீரகம் பழுதாதற்கு இவ்விரு நோய்களே தலையாய காரணங்கள். இதிற் பெருந்துயரம் யாதெனின், நோய் நெடுங்காலம் வலியின்றி வளர்தலாம். காலும் முகமும் வீங்கி, பசி கெட்டு, மருத்துவரை நாடும்போது பெரும்பகுதி போயிருக்கும்.

முற்றும் பழுதாயினார் பலர்க்கு இயந்திரத்தால் இரத்தத்தைத் தூய்மை செய்யும் டயாலிஸிஸ் வேண்டப்படும். வாரம் இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். அரசாங்கக் காப்பீடு கட்டணத்தைத் தாங்கினும், இழந்த நாட்கூலியை யார் தாங்குவார்? உடன்செல்லும் மனைவி மக்களின் இழப்பை யார் ஈடுசெய்வார்?

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்னும் பழமொழியை எமக்கு எடுத்துக்காட்டுவார் உண்டு. அது சுவையைக் கூறிற்றேயன்றி அளவைக் கூறிற்றில்லை. அளவை உணர்த்தியவர் திருவள்ளுவர். ஊடலுக்கு உப்பை உவமையாக்கி, அளவோடு நின்றால் இன்பம், சற்றே மிகினும் கேடு என்னும் கருத்தை 1302-ஆம் குறளில் அமைத்தார். காதலர்க்குச் சொன்ன அவ்வுவமை சமைப்பார்க்கும் பொருந்தும்.

அவ்வளவு யாது? வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமிற் குறைவாகவே உப்புண்ண வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டியளவு. ஐவர் உள்ள வீட்டிற்கு 30 நாளுக்கு 750 கிராமே மேலெல்லை. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, கடை மிக்ஸர் ஆகியவற்றிலுள்ள உப்பும் இதனுள் அடங்கும். ஆகவே அவ்வீட்டில் ஒரு கிலோப் பொட்டலம் மாதம் முடியுமுன் தீருமாயின் கணக்குத் தவறியதென்று அறிக. இந்துப்பு தீங்கற்றதென்று கருதுவாருமுளர். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடே. பொட்டாசியம் கலந்த மாற்றுப்பு சிறுநீரக நோயாளர்க்கு ஆபத்தாகலாம்; மருத்துவரைக் கேளாது வாங்கற்க.

உப்பை முற்றும் துறக்க என்று யாம் கூறவில்லை. சோற்றில் உப்பிடாது விடுக. குழம்பிலும் மோரிலும் அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எலுமிச்சை, இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை இவற்றாற் சுவை கூட்டுக. சில வாரங்களில் நாக்குப் பழகிவிடும்.

சங்கத்தார்க்கு எம் விண்ணப்பம் இரண்டு. முதலாவது, நம் விருந்துகளில் இலையோரத்து உப்பையும் ஊறுகாயையும் கேட்டார்க்கு மட்டும் இடுக. விருந்து குறைவுபட்டதென்று பழிப்பரே என அஞ்சற்க. வந்தாரின் நலம் பேணுதலே மெய்யான உபசாரம். இரண்டாவது, ஆண்டுக் கூட்டத்தன்று நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையார்க்கு, சிறுநீரில் அல்புமினும் இரத்தத்தில் கிரியேட்டினினும் சோதிக்க ஏற்பாடு செய்க. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் என்பார், சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுவத்திச் சுடரிற் காய்ச்சி, அல்புமின் திரள்வதைக் கொண்டு இந்நோயை அறிந்து 1827-இல் வெளியிட்டார். அன்று சுடர் காட்டியதை இன்று சிறு சோதனை நுட்பமாகக் காட்டுகின்றது. பெண் கொடுக்கல் வாங்கலுக்குத் தடையாமென்று நோயை மறைக்கும் வழக்கம் நம்மிடையே ஒழிதல் வேண்டும். மறைத்த நோய் மறைவிலேயே வளரும்.

இவ்விரண்டையும் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டி அமர்கின்றோம்.